கேமரா காணும், தடுக்குமா? – வாசகர் கேள்வி பதில்

பொது இடங்களில் பொருத்தப்படும் கண்காணிப்புக் கேமராக்களால் பயங்கரவாதத்தைத் தடுக்க முடியுமா என்பது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன். ஒரே பொருளைத் தொட்டவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: தெருவுக்குத் தெரு கேமரா இருந்தால் திருடன் அஞ்சுகிறான். பயங்கரவாதியும் அப்படி அஞ்ச மாட்டானா?

திருடன் அஞ்சுகிறான் என்பதே பாதி உண்மைதான். கேமராவும் குற்றமும் பற்றி 40 ஆண்டுகளில் வெளியான ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிட்ட ஒரு தொகுப்பு 2019ஆம் ஆண்டு வெளியாயிற்று. கேமரா பொருத்திய இடங்களில், பொருத்தாத இடங்களோடு ஒப்பிடுகையில், குற்றங்கள் ஏறத்தாழ 13 சதவீதம் குறைந்திருந்தன என்று அது கண்டது. அந்தக் குறைவின் பெரும்பங்கு வாகன நிறுத்துமிடங்களிலும் பொருள் திருட்டிலும் கிடைத்ததே தவிர, அடிதடி போன்ற வன்முறைக் குற்றங்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தென்படவில்லை. பிடிபட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் பார்த்துச் செய்யப்படும் குற்றத்தைக் கேமரா குறைக்கிறது. அந்தக் கணக்கே இல்லாத செயலுக்கு முன் அது வலுவிழந்து நிற்கிறது.

பயங்கரவாதிகளிலும் கணக்குப் பார்ப்பவர்கள் உண்டு என்பதால், உங்கள் கேள்வியை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட முடியாது. குண்டை வைத்துவிட்டுத் தப்பிச் சென்று அடுத்த மாதம் இன்னொன்றை வைக்க நினைப்பவர் முகம் பதிவாவதை விரும்ப மாட்டார். வட அயர்லாந்தில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஆயுதக் குழுவான அயர்லாந்து குடியரசுப் படையினர் 1992, 1993ஆம் ஆண்டுகளில் லண்டனின் நிதி மையமான சிட்டி பகுதியில் இரண்டு பெரும் வாகனக் குண்டுகளை வெடிக்கச் செய்த பிறகு, அப்பகுதிக்குள் நுழையும் வழிகள் சிலவாகச் சுருக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் காவலர்களும் கேமராக்களும் நிறுத்தப்பட்டன. ‘எஃகு வளையம்’ என்று பெயர் பெற்ற அந்த ஏற்பாட்டுக்குப் பின் அதே அளவிலான தாக்குதல் அந்த வளையத்துக்குள் நிகழவில்லை. ஆனால் 1996 பிப்ரவரியில் சில கிலோமீட்டர் தள்ளி டாக்லேண்ட்ஸ் பகுதியிலும், அதே ஆண்டு ஜூனில் மான்செஸ்டர் நகர மையத்திலும் லாரிக் குண்டுகள் வெடித்தன. அடைத்த வாசலை விட்டு அடைக்காத வாசலுக்குப் போனார்கள். வளையத்தினுள் கிடைத்த பாதுகாப்பிலும், வாகனங்களை நிறுத்திச் சோதித்த காவலருக்கு எவ்வளவு பங்கு, கேமராவுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது கடினம். என் கணிப்பில் காவலரின் பங்கே பெரிது.

சாவதற்கென்றே வருபவரின் நிலை வேறு. 2005 ஜூலை 7 அன்று லண்டன் சுரங்க ரயில்களிலும் ஒரு பேருந்திலும் 52 பேரைக் கொன்ற நால்வர், காலை 7 மணி 21 நிமிடத்துக்கு லூட்டன் ரயில் நிலையத்துக்குள் நுழைவதைக் கேமரா தெளிவாகப் பதிவு செய்திருக்கிறது. முகத்தை மறைக்கவோ தலையைக் குனியவோ அவர்கள் முயலவில்லை. அக்காலத்தில் உலகிலேயே மிகுதியான கேமராக்கள் இருந்த நகரங்களில் ஒன்றுக்குத்தான் அவர்கள் போனார்கள். தம் முகம் மறுநாள் உலகெங்கும் அச்சாக வேண்டும் என்று விரும்புபவருக்குக் கேமரா எந்தத் தடையும் ஆகாது, விளம்பரமாகக்கூட ஆகிவிடும்.

கேள்வி: எல்லாம் முடிந்தபின் பதிவைப் போட்டுப் பார்ப்பதால் யாருக்கு என்ன பயன்? இறந்தவர்கள் மீளப் போவதில்லையே.

இந்தக் கேள்வியில் உள்ள கோபம் புரிகிறது. ஆனாலும் கேமராவுக்கு உண்மையான மதிப்பு ஏதும் உண்டென்றால், அது நீங்கள் பயனற்றது என்று கருதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் முடிவு. ஒரு தாக்குதல் முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கும் வேளையில் அதன் கூட்டாளிகள் வெளியே இருக்கக்கூடும். அடுத்த குண்டு எங்கோ தயாராகிக்கொண்டிருக்கக்கூடும். அந்த இடைவெளியில் முகம் கிடைப்பது உயிர் காக்கும்.

மேலே சொன்ன லண்டன் தாக்குதலுக்குச் சரியாக இரண்டு வாரம் கழித்து, ஜூலை 21 அன்று, அதே நகரில் வேறு நால்வர் குண்டுகளை வெடிக்க முயன்றனர். அவை சரியாக வெடிக்காததால் நால்வரும் உயிரோடு ஓடிவிட்டார்கள். மறுநாளே அவர்களுடைய கேமராப் படங்கள் வெளியிடப்பட்டன. 29ஆம் தேதிக்குள் நால்வரும் பிடிபட்டனர், கடைசி ஆள் ரோம் நகரில். ஜெர்மனியில் 2006 ஜூலை 31 அன்று கொலோன் நிலையத்திலிருந்து புறப்பட்ட இரண்டு ரயில்களில் வைக்கப்பட்ட பெட்டிக் குண்டுகளும் வெடிக்கவில்லை. ஆகஸ்ட் 18 அன்று நிலையக் கேமராப் பதிவு வெளியானது. மறுநாள் இருவரில் ஒருவர் கீல் நகர ரயில் நிலையத்தில் கைதானார். பிரஸ்ஸல்ஸ் விமான நிலையத்தில் 2016 மார்ச் 22 அன்று இரண்டு தற்கொலைப்படையினரோடு தள்ளுவண்டியைத் தள்ளிச் சென்ற தொப்பிக்காரர், குண்டை விட்டுவிட்டு நடந்தே ஊருக்குள் போனதைக் கேமரா கேமராவாகத் தொடர்ந்து காவல்துறை வரைபடமாக்கியது; ஏப்ரல் 8 அன்று அவர் பிடிபட்டார்.

இவற்றைவிட என்னை உறுத்துவது 1999ஆம் ஆண்டு நிகழ்ச்சி. லண்டனில் ஏப்ரல் 17, 24, 30 ஆகிய மூன்று நாள்களில் ஆணிகள் நிரப்பிய குண்டுகளை ஒரே ஆள் மூன்று இடங்களில் வைத்தார். முதல் குண்டு வெடித்த கடைவீதியின் ஒளிநாடாக்களைத் திரட்டிப் பார்த்து அவர் முகத்தைக் கண்டெடுத்துப் பத்திரிகைகளுக்குக் கொடுப்பதற்கு 29ஆம் தேதி ஆகிவிட்டது. படத்தைப் பார்த்த அவருடைய சக பணியாளர் ஒருவர் மறுநாள் காவல்துறையைத் தொலைபேசியில் அழைத்துத் தகவல் சொன்னபோது, மூன்றாவது குண்டு வெடிக்க ஒரு மணி நேரத்துக்குச் சற்றே அதிகமான நேரம் மீதமிருந்தது. தகவல் உரிய கைக்குப் போய்ச் சேர்வதற்குள் சோஹோ பகுதி மதுவிடுதியில் அது வெடித்து மூவர் உயிரிழந்தனர். அன்றிரவே ஆள் பிடிபட்டார். அந்தப் படம் ஒரே ஒரு நாள் முன்னதாக வெளியாகியிருந்தால் அந்த மூவரும் பிழைத்திருக்க வாய்ப்பு இருந்தது. கேமரா தன் வேலையைச் செய்திருந்தது. நாடாவைப் பார்க்கும் கண்களும் தொலைபேசியில் வந்த தகவலை முந்தித் தள்ளும் கைகளும் போதவில்லை.

வழக்கு மன்றத்திலும் பதிவுக்கு இடமுண்டு. 2008 நவம்பர் 26 அன்று மும்பையில் தொடங்கி 166 உயிர்களைப் பறித்த தாக்குதலில், ரயில் முனையத்தின் கேமராப் பதிவுகளும், அங்கே உயிரைப் பொருட்படுத்தாமல் நின்ற பத்திரிகைப் புகைப்படக்காரர் எடுத்த படங்களும் உயிரோடு பிடிபட்ட ஒரே ஆளுக்கு எதிரான சான்றுகளாயின.

ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. இப்படிப்பட்ட வெற்றிகளில் கேமரா தனியாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஜூலை 7 தாக்குதலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கான நாடாக்கள் காவல்துறையின் கையில் குவிந்திருந்தும், யாரைத் தேடுவது என்ற நூல்முனை வேறிடத்திலிருந்து வந்தது. வீடு திரும்பாத மகனைக் காணவில்லை என்று ஒரு குடும்பம் அன்றிரவு தொலைபேசியில் தெரிவித்தது. வெடித்த இடங்களில் கிடந்த அடையாள ஆவணங்கள் சில பெயர்களைத் தந்தன. அதன் பின்னர், 11ஆம் தேதி, கிங்ஸ் கிராஸ் நிலையப் பதிவில் முதுகுப்பை சுமந்த நான்கு இளைஞர்கள் கண்ணில் பட்டார்கள். இன்னும் பின்னோக்கித் தேடியதில், அவர்களில் மூவர் ஜூன் 28 அன்றே அதே வழியில் ஒத்திகை பார்த்துச் சென்றதும் பதிவில் இருந்தது தெரியவந்தது. அந்த ஒத்திகையன்று கேமரா முன்னால் மூன்று பயணிகள் நடந்து போனார்கள், அவ்வளவுதான்.

கேள்வி: கட்டுப்பாட்டு அறையில் ஆள்கள் இரவு பகலாகத் திரையைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்? நேரிலேயே பார்த்து ஏன் தடுக்க முடிவதில்லை?

திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது கேட்பதற்கு எளிய வேலையாகத் தோன்றும். எதுவும் நடக்காத திரையை விடாமல் பார்ப்பவரின் கவனம் 20 நிமிடங்களுக்குள்ளாகவே ஏற்கத்தக்க அளவுக்குக் கீழே சரிந்துவிடுகிறது என்று அமெரிக்க நீதித்துறை சார்பில் 1999ஆம் ஆண்டு வெளியான ஒரு கையேடே எச்சரிக்கிறது. ஒருவர் முன் ஒரு திரை இருந்தால் இந்த நிலை. பெரும்பாலான அறைகளில் ஒருவர் பொறுப்பில் பத்துக்கும் மேற்பட்ட காட்சிகள் ஓடுகின்றன. இது அந்தப் பணியாளரின் சோம்பல் அன்று, மனித மூளையின் எல்லை.

கவனம் குலையாமல் பார்த்தாலும், என்ன தெரியும் என்பதே அடுத்த சிக்கல். பிரான்சின் நீஸ் நகரம் அந்நாட்டிலேயே கேமரா அடர்த்தி மிகுந்த நகரங்களில் ஒன்று. 2016 ஜூலை 14 அன்று கடற்கரைச் சாலையில் கூட்டத்தின் மீது லாரியை ஏற்றி 86 பேரைக் கொன்றவர், முந்தைய நாள்களில் அதே சாலையில் அதே லாரியை ஓட்டிப் பார்த்ததும் பதிவாகித்தான் இருந்தது. சாலையில் ஒரு லாரி போகிறது என்பதற்கு மேல் அந்தக் காட்சி யாருக்கு எதைச் சொல்லியிருக்க முடியும்? பிறகு அந்த நடைபாதையின் ஓரத்தில் எஃகுத் தூண்கள் நடப்பட்டன. அடுத்த லாரியை நிறுத்தும் ஆற்றல் அந்தத் தூண்களுக்கே உண்டு.

மான்செஸ்டர் அரங்கில் 2017 மே 22 அன்று 22 பேர் இறந்ததை ஆராய்ந்த பொது விசாரணையின் அறிக்கையைப் படித்தால் இன்னொன்று விளங்கும். குண்டைச் சுமந்து வந்தவர் முன்கூட்டியே இடத்தை வேவு பார்த்திருந்தார். கேமராவின் பார்வை படாத ஒரு மேல்தளத்து மூலையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் காத்திருந்தார். கேமரா காணாத அவரை ஒரு மனிதர் கண்டார். தன் பிள்ளையை அழைத்துச் செல்ல வந்திருந்த ஒரு தந்தை, அவரிடம் நேரே சென்று பையில் என்ன இருக்கிறது என்று கேட்டார். அரங்கப் பணியாளரிடமும் சொன்னார். அந்தத் தகவல் மேலிடத்தை எட்டவில்லை. தகவல் தெரிந்த இளம் பாதுகாவலர் ஒருவர், தோற்றத்தை வைத்துச் சந்தேகிப்பதாகத் தம் மீது பழி வந்துவிடுமோ என்று தயங்கியதையும் விசாரணை பதிவு செய்திருக்கிறது. அங்கே வேண்டியிருந்தது கூடுதலாக ஒரு கேமராவா, சந்தேகத்தை உடனே காதுகொடுத்துக் கேட்கும் ஓர் அதிகாரியா என்று என்னைக் கேட்டால், மறைவு மூலைக்குக் கேமரா கட்டாயம் வேண்டும் என்பேன். ஆனால் முதலில் அதிகாரியையே கேட்பேன்.

கேள்வி: மனிதக் கண் சோர்ந்துவிடும் என்றால், முகத்தை அடையாளம் காணும் மென்பொருளிடம் வேலையைக் கொடுத்துவிடலாமே?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நான் எளிமைக்காக எடுத்துக்கொண்டவை. ஒரு நகரின் ரயில் நிலையங்களை நாளொன்றுக்கு 10 லட்சம் பேர் கடக்கிறார்கள். அவர்களில் தேடப்படுபவர் ஒரே ஒருவர். மென்பொருள் 99.9 சதவீதம் சரியாகச் சொல்லக்கூடியது என்றே வைத்துக்கொண்டாலும், ஆயிரத்தில் ஒருவரைத் தவறாகச் சுட்டும். அதாவது, நாளொன்றுக்கு 1,000 அப்பாவிகளுக்காக மணி அடிக்கும். அந்த ஆயிரத்தோராவது மணி உண்மையானது என்பதை அடிக்கும்போது யாரும் அறிய மாட்டார்கள். ஒரு வாரம் போனால் மணி அடித்தாலும் யாரும் தலை நிமிர மாட்டார்கள்.

நடைமுறையில் கிடைத்த எண்களும் உண்டு. கார்டிஃப் நகரில் 2017ஆம் ஆண்டு நடந்த ஐரோப்பியக் கால்பந்து இறுதிப்போட்டியின்போது காவல்துறை இத்தகைய மென்பொருளைப் பயன்படுத்தியதில், தேடப்படுவோர் பட்டியலில் உள்ளவர் என்று அது சுட்டியவை 2,470. அவற்றில் 2,297 தவறானவை. அதன் பின்னர் மென்பொருள்கள் வெகுவாக முன்னேறியிருக்கின்றன என்பதை மறுக்கவில்லை. ஆனால் எந்த மென்பொருளும் பட்டியலில் உள்ள முகத்தை மட்டுமே தேட முடியும். முதல் குற்றத்தையே பயங்கரவாதமாகச் செய்பவரின் முகம் எந்தப் பட்டியலில் இருக்கும்? 2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வைத்த சகோதரர்களின் படங்கள் ஓட்டுநர் உரிமக் கோப்புகளில் இருந்தன. அப்படியிருந்தும் கேமராவில் பதிவான அவர்களுடைய முகங்களை மென்பொருளால் அவற்றோடு பொருத்த முடியவில்லை. காவல்துறை ஊடகங்கள் வழியாக மக்களிடம் படங்களைக் காட்டியது. மூத்தவர் மோதலில் இறந்தபின் விரல்ரேகை கொண்டுதான் அவர் யார் என்பது உறுதியானது.

கேள்வி: நான் பணிபுரியும் போக்குவரத்து நிலையத்தில் ஏராளமான கேமராக்கள் உள்ளன. அவை உண்மையிலேயே பயன்படுமா என்பதை எப்படி அறிவது?

எண்ணிக்கையை விடுங்கள், ஒரு பதிவை எடுத்துப் போட்டுப் பாருங்கள். அறிமுகமில்லாத ஒருவரை ஐயத்துக்கு இடமின்றி அடையாளம் காண, படத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல்களாவது இருக்க வேண்டும் என்பது 2015ஆம் ஆண்டின் ஐரோப்பியத் தர அளவு. அங்கே ஓர் ஆள் நிற்கிறார் என்று அறிய 25 பிக்சல்களே போதும். பல இடங்களில் ‘முழு வளாகமும் தெரிகிறது’ என்று பெருமையாகக் காட்டப்படும் காட்சி இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது: ஆள் இருப்பார், முகம் இராது. உயரத்தில் பொருத்திய கேமரா உச்சந்தலையைப் படம் பிடிக்கும். வாசலுக்கு எதிரே பொருத்தியது வெயிலில் எல்லாரையும் கரிய நிழலாக்கும். நுழைவாயிலில் முகமட்டத்துக்கு அருகே ஒன்றிரண்டு இருப்பது கூரை முழுவதும் இருபது இருப்பதைவிட மேல்.

அடுத்து, கடிகாரம். கேமராக்களின் நேரம் ஒன்றுக்கொன்று சில நிமிடங்கள் முன்பின்னாக இருந்தால், ஒருவர் எந்த வாசலில் நுழைந்து எதில் வெளியேறினார் என்று கோப்பதற்குள் புலனாய்வாளருக்குப் பொழுது விடிந்துவிடும். பதிவு எத்தனை நாள் தங்குகிறது என்றும் கேளுங்கள். 15 அல்லது 30 நாளில் பழையதன் மேல் புதியது பதிந்துவிடும் கருவியில், ஒரு மாதம் முன்பு நடந்த வேவு மிஞ்சாது.

பதிவே ஆகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். இது வேடிக்கைக்காகச் சொல்வதன்று. ஜெர்மனியின் பான் நகர ரயில் நிலையத்தில் 2012 டிசம்பர் 10 அன்று நடைமேடையில் ஒரு பையில் குண்டு கிடந்தது. அந்த நிலையத்துக் கேமராக்கள் காட்சியைத் திரைக்கு அனுப்பினவே தவிரச் சேமிக்கவில்லை. பையோடு சென்றவரின் படம் நிலையத்திலிருந்த ஓர் உணவகத்தின் கேமராவிலிருந்துதான் கிடைத்தது.

கேள்வி: தவறு செய்யாதவர் கேமராவுக்கு ஏன் அஞ்ச வேண்டும்?

தவறு செய்யாதவர்தான் சில வேளைகளில் மிகவும் அஞ்ச வேண்டியிருக்கிறது. பர்மிங்காமில் 2010ஆம் ஆண்டு முஸ்லிம்கள் செறிந்து வாழும் இரண்டு பகுதிகளைச் சுற்றி இருநூறுக்கும் மேற்பட்ட கேமராக்கள் பொருத்தப்பட்டன. அவற்றுள் 72 மறைவானவை. வாகனத் திருட்டையும் சில்லறைக் குற்றங்களையும் தடுக்க என்று மக்களிடம் சொல்லப்பட்டது. பணமோ பயங்கரவாதத் தடுப்பு நிதியிலிருந்து வந்திருந்தது. செய்தி வெளியானதும் எழுந்த எதிர்ப்பில் காவல்துறை மன்னிப்புக் கேட்டது. அடுத்த ஆண்டு கேமராக்கள் கழற்றப்பட்டன.

இதை உரிமைப் பிரச்சினையாக மட்டும் பார்த்துக் கடந்துவிட வேண்டாம். பாதுகாப்புக்கும் இது பெரும் இழப்பு. முன்னே சொன்ன நிகழ்ச்சிகளில் வீடு திரும்பாத மகனைப் பற்றித் தெரிவித்த குடும்பத்தையும், சக பணியாளரின் முகத்தை அறிந்து தொலைபேசியை எடுத்தவரையும், முன்பின் தெரியாத ஒருவரிடம் பையில் என்ன என்று கேட்ட தந்தையையும் நினைத்துப் பாருங்கள். ஒரு பகுதி மக்கள் அனைவரையும் சந்தேகப் பட்டியலில் வைத்துவிட்டால், அந்தப் பகுதியிலிருந்து இத்தகைய அழைப்பு அதன்பின் வராது.

கேள்வி: தாக்குதல் நடந்த இடத்தின் பதிவு எங்கள் கைக்கு வந்தால் பரப்பலாமா?

கூடாது. பாஸ்டன் நிகழ்ச்சியின்போது இணையத்தில் பலர் தாமே துப்பறிவாளர்களாகிப் படங்களை அலசியதில், குண்டுக்கும் தமக்கும் தொடர்பே இல்லாத சிலர் குற்றவாளிகளாக்கப்பட்டனர். அவர்களில் ஒருவர் அதற்கு முன்பே காணாமற்போயிருந்த மாணவர், அவருடைய குடும்பம் ஏற்கெனவே தவித்துக்கொண்டிருந்தது. கொடூரக் காட்சியைப் பரப்புவது தாக்கியவர் விரும்பிய வேலையை அவருக்காகச் செய்வதும் ஆகும். பதிவுக் கருவி உங்கள் பொறுப்பில் இருந்தால், திரையைக் கைப்பேசியால் படமெடுத்து அனுப்பாமல், பழையதன் மேல் புதியது பதியாதபடி அதைத் தடுத்து வையுங்கள். கருவியின் கடிகாரம் அந்த நேரத்தில் காட்டும் மணியையும் சரியான மணியையும் ஒரு தாளில் குறித்து, அசல் பதிவோடு சேர்த்துப் புலனாய்வு அதிகாரியிடம் ஒப்படையுங்கள்.